டிகிரி இல்லாத பறவை மனிதர்

முதலில் ஒரு விஷயத்தை ஒத்துக்கிறேன். போன வருஷம் இன்டர்ன்ஷிப் போன இடத்தில், மலைப்பகுதியில் வரப்போகும் ஒரு சாலைக்கு ரிப்போர்ட் தயாராகிக்கிட்டு இருந்தது. அதில் அந்தப் பகுதியில் காணப்படும் பறவைகள் என்று ஒரு அட்டவணை. அதை என்னை நிரப்பச் சொன்னாங்க. நான் அந்த மலைக்குப் போனதே இல்லை. கம்ப்யூட்டரில் இருந்த ஒரு பழைய ரிப்போர்ட்டைத் திறந்தேன். காகம், மைனா, புறா, கிளி, மீன்கொத்தி. அப்படியே காப்பி பண்ணி ஒட்டினேன். ரெண்டு நிமிஷ வேலை. அந்தப் பழைய ரிப்போர்ட் சமவெளியில் ஒரு பைபாஸுக்காக எழுதினது என்பதை அப்புறம்தான் கவனிச்சேன். யாரும் எதுவும் கேட்கலை. நானும் மாத்தலை.

இந்த செமஸ்டரில் சும்மா படிக்க ஆரம்பிச்சதுதான் சாலிம் அலியின் வாழ்க்கை. படிக்கப் படிக்க அந்த அஞ்சு பறவைப் பட்டியல் மனசுக்குள் உறுத்த ஆரம்பிச்சது. ஏன் என்று கடைசியில் உங்களுக்கே புரியும். நீங்க சிவிலோ, ஈஈஈயோ, சிஎஸ்ஸோ, எந்த டிபார்ட்மென்ட்டாக இருந்தாலும் இவரை ஒரு தடவை தெரிஞ்சுக்கணும்.

கழுத்தில் மஞ்சள் இருந்த சிட்டு

1896 நவம்பர் 12. பம்பாயில் ஒரு பெரிய முஸ்லிம் குடும்பத்தில் கடைக்குட்டியாகப் பிறந்தார் சாலிம். ஒரு வயசில் அப்பா போய்விட்டார். மூன்று வயசில் அம்மாவும் போய்விட்டார். தாய்மாமா அமீருதீன் தியாப்ஜியும் மாமி ஹமீதா பேகமும்தான் பிள்ளைகளை எடுத்து வளர்த்தார்கள்.

மாமா பெரிய வேட்டைக்காரர். அந்த வீட்டில் பையன்களுக்கு விளையாட்டுச் சாமானே துப்பாக்கிதான். சாலிமுக்கும் ஒரு சின்ன ஏர் கன் கிடைத்தது. பத்து வயசு வாக்கில் ஒரு நாள் அவர் ஒரு சிட்டுக்குருவியைச் சுட்டார். கையில் எடுத்துப் பார்த்தால், அதன் கழுத்தில் மஞ்சளாக ஒரு திட்டு. வழக்கமாக வீட்டில் பார்க்கிற சிட்டுக்கு அப்படி இருக்காது. இது என்ன பறவை, இதைச் சாப்பிடலாமா கூடாதா என்று மாமாவிடம் கொண்டுபோனார். மாமாவுக்கும் தெரியவில்லை. ஆனால் தெரிந்தவர் யார் என்று அவருக்குத் தெரியும். ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, பாம்பே இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லார்டிடம் பையனை அனுப்பி வைத்தார்.

நம்ம யாராவது இந்த மாதிரி ஒரு சந்தேகத்தோடு ஒரு பெரிய ஆபீஸுக்குப் போனால் என்ன ஆகும் என்று யோசிச்சுப் பாருங்க. மில்லார்ட் என்ன செய்தார் தெரியுமா? அந்தப் பறவை மஞ்சள் கழுத்துச் சிட்டு என்று அடையாளம் சொன்னார். பிறகு அலமாரி அலமாரியாக இழுத்துத் திறந்து, பாடம் செய்து வைத்திருந்த நூற்றுக்கணக்கான பறவைகளைக் காட்டினார். பறவையின் தோலை உரித்துப் பதப்படுத்தி வைப்பது எப்படி என்று கற்றுக்கொள்ளவும் ஏற்பாடு செய்தார். பையன் அன்றைக்கு உள்ளே போனவன், வாழ்க்கை முழுக்க அந்தக் கழகத்தை விட்டு வெளியே வரவே இல்லை.

அரியர் வாழ்க்கை

இப்போ நமக்குப் பிடிச்ச பகுதி. சாலிம் அலி படிப்பில் சுமார்தான். 1913-இல் மெட்ரிகுலேஷன் எப்படியோ பாஸ். செயின்ட் சேவியர்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். முதல் வருஷமே தாங்க முடியவில்லை. படிப்பை விட்டுவிட்டு, பர்மாவில் டவாய் என்ற ஊரில் குடும்பத்தார் நடத்திய டங்ஸ்டன் தாதுச் சுரங்கத்தையும் மர வியாபாரத்தையும் பார்க்கப் போய்விட்டார். வியாபாரத்தில் பெரிசாக எதுவும் கிடைக்கவில்லை. சுற்றியிருந்த காடு மட்டும் கிடைத்தது. கூடவே ஒரு மோட்டார் பைக்கும்.

1917-இல் ஊர் திரும்பியவர் பகலில் வணிகச் சட்டமும் கணக்கும் படித்தார். சேவியர்ஸ் கல்லூரியில் இருந்த பாதிரியார் பிளாட்டர் இவருடைய ஆர்வத்தைப் பார்த்து விலங்கியலையும் படிக்க வைத்தார். 1918 டிசம்பரில் தெஹ்மினாவோடு கல்யாணம்.

பிறகு வேலை தேடல். இந்திய விலங்கியல் ஆய்வகத்தில் பறவையியலாளர் பணியிடம் ஒன்று இருந்தது. முறையான பல்கலைக்கழகப் பட்டம் இல்லை என்பதால் அது கிடைக்கவில்லை. 1926-இல் பம்பாய் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மியூசியத்தில் வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்கிற வேலை, மாதம் 350 ரூபாய். அதிலும் அலுப்பு வந்து, 1928-இல் விடுப்பு எடுத்துக்கொண்டு பெர்லின் போனார். அங்கே எர்வின் ஸ்ட்ரேஸமான் என்ற பேராசிரியரிடம் பறவையியலை முறையாகக் கற்றார். சாலிம் அலி குரு என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னது இவரைத்தான்.

1930-இல் திரும்பி வந்தால் மியூசியத்தில் அவருடைய பணியிடமே இல்லை. நிதி இல்லை என்று எடுத்துவிட்டார்கள். வயசு 33, கல்யாணம் ஆகிவிட்டது, பெர்லின் வரை போய்க் கற்ற படிப்பு கையில் இருக்கிறது, வேலை மட்டும் இல்லை. பிளேஸ்மென்ட் சீசனில் ரெண்டு கம்பெனி ரிஜெக்ட் பண்ணினதுக்கே ஹாஸ்டல் ரூமைப் பூட்டிக்கிட்டுப் படுத்தவன் நான். அதனால் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று படித்தேன்.

அவர் என்ன செய்தார்? பம்பாய்க்கு எதிரே கடலோரத்தில் கிஹிம் என்ற கிராமத்தில், தெஹ்மினாவின் குடும்பத்துக்கு ஒரு சின்ன வீடு இருந்தது. அங்கே குடியேறினார். பக்கத்தில் தூக்கணாங்குருவிகள் கூட்டமாகக் கூடு கட்டிக்கொண்டு இருந்தன. வேலை இல்லாத மனிதருக்கு நேரம் நிறைய. ஏணியில் ஒரு மறைவிடம் கட்டி உட்கார்ந்து நாள் கணக்கில் பார்த்தார்.

தூக்கணாங்குருவியில் கூடு கட்டுவது ஆண்தான். பாதிக் கூடு முடிந்ததும் பெண் குருவிகள் வந்து ஒவ்வொரு கூடாகச் சோதித்துப் பார்க்கும். பிடித்திருந்தால் ஒரு பெண் அதில் தங்கும். அப்புறம்தான் ஆண் மிச்சக் கட்டுமானத்தை முடிக்கும். முடித்த கையோடு அடுத்த பெண்ணுக்காக அடுத்த கூட்டை ஆரம்பிக்கும். சைட் இன்ஸ்பெக்‌ஷன் முடிந்து ஒப்புதல் வந்த பிறகே அடுத்த கட்ட வேலை. இந்த ஆய்வு வெளிவந்த பிறகுதான் பறவை உலகம் இவர் பெயரைக் கவனித்தது. வேலை போனதால் கிடைத்த ஆய்வு அது.

மாட்டு வண்டியில் ஒரு சர்வே

அப்போது இந்தியாவில் பல பகுதிகள் சமஸ்தானங்களாக இருந்தன. அந்தப் பகுதிகளில் என்னென்ன பறவைகள் இருக்கின்றன என்று யாரும் ஒழுங்காகக் கணக்கெடுத்தது இல்லை. சாலிம் அலி ஒரு யோசனை சொன்னார். சம்பளம் வேண்டாம், முகாம் செலவு மட்டும் கொடுத்தால் போதும், நான் சர்வே செய்து தருகிறேன் என்று. முதலில் ஹைதராபாத். அடுத்து 1933-இல் திருவிதாங்கூரும் கொச்சியும்.

இந்த இடத்தில்தான் கதை நம்ம மலைகளுக்குள் நுழையுது. திருவிதாங்கூர் சர்வேயின் முதல் முகாம் மறையூர். நம்ம உடுமலைப்பேட்டையில் இருந்து மூணாறு போற வழியில் இருக்கிற அதே மறையூர்தான். அங்கிருந்து மூணாறு, குமுளி, பீர்மேடு, தட்டேக்காடு என்று போய், தெற்கே ஆரல்வாய்மொழி, கன்னியாகுமரி வரைக்கும் போனார்கள். அந்தக் கடைசி ரெண்டு இடமும் இன்றைக்குத் தமிழ்நாட்டில் இருக்கு.

தெஹ்மினாவும் கூடவே போனார். இங்கிலாந்தில் படித்து வளர்ந்தவர், கூடாரத்தில் குடும்பம் நடத்தினார். முகாமைக் கவனித்துக்கொண்டது மட்டும் இல்லை, சாலிம் அலியின் இங்கிலீஷ் எழுத்து எளிமையாக, படிக்க இனிமையாக மாறியதற்கும் அவர் ஒரு காரணம்.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. அந்தக் காலத்துப் பறவை சர்வே என்றால் துப்பாக்கியோடு போவதுதான். ஒவ்வொரு இனத்திலும் சில பறவைகளைச் சுட்டு, தோலைப் பதப்படுத்தி, எந்த ஊர், எத்தனை அடி உயரம், எந்தத் தேதி என்று சீட்டு கட்டி வைப்பார்கள். சாலிம் அலியும் அதைத்தான் செய்தார். அதை அவர் ஒளித்ததும் இல்லை. உயிரின ஆய்வுக்கு அது அவசியம் என்று நம்பினார். தேவைக்கு மேல் கொல்வதை மட்டும் எதிர்த்தார். நமக்கு இன்றைக்கு அது சங்கடமாக இருக்கலாம். எனக்கும் இருந்தது. ஆனால் அந்தச் சீட்டில் எழுதிய ஊரும் உயரமும்தான், எந்தப் பறவை எந்த மலையில் இருக்கிறது என்ற வரைபடத்துக்கு அடிப்படை. அந்தச் சீட்டு எதுவும் காப்பி பேஸ்ட் இல்லை.

மலை உச்சியில் தீவு

இப்போ கொஞ்சம் பூகோளம். மேற்குத் தொடர்ச்சி மலையை ஒரு நீளமான சுவர் என்று நினைச்சுக்கோங்க. அந்தச் சுவரில் ரெண்டு பெரிய ஓட்டை இருக்கு. ஒன்று பாலக்காட்டுக் கணவாய், சுமார் 30 கிலோமீட்டர் அகலம். கோயம்புத்தூரில் படிக்கிறவங்க அந்தக் காற்றை அனுபவிச்சிருப்பீங்க. இன்னொன்று தெற்கே செங்கோட்டைக் கணவாய், இது குறுகலானது. ஆக, மலை மூன்று துண்டு. வடக்கே நீலகிரி. நடுவில் ஆனைமலை, பழனி மலை, மூணாறு, மேகமலை. தெற்கே அகத்தியமலை, அதாவது அசம்பு மலை.

இந்த மலைகளின் உச்சியில் சோலைக்காடு என்று ஒன்று இருக்கு. பள்ளங்களில் குட்டையான மரங்கள் அடர்ந்த காடு, அதைச் சுற்றிச் சரிவெல்லாம் புல்வெளி. எப்போதும் குளிர், பனிமூட்டம். அங்கேயே வாழப் பழகிய பறவைக்குக் கீழே இருக்கிற வெயிலும் வறண்ட காடும் ஒத்துக்காது. கடல் நடுவில் தீவு மாதிரி, வெப்பத்தின் நடுவில் இந்த உச்சிகள். இதைத்தான் விஞ்ஞானிகள் வானத்தீவு என்கிறார்கள்.

அங்கே ஒரு சின்னப் பறவை. உடம்பு கரு நீலம், நீளமான கால், கண்ணுக்கு மேலே வெளிர் புருவம். வடக்கே இருப்பதன் அடிவயிறு செம்பழுப்பு, தெற்கே இருப்பதன் வயிறு வெள்ளை. சோலையின் தரையில், காய்ந்த இலைகளுக்கு நடுவே தத்தித் தத்திப் பூச்சி பிடிக்கும். அதிகமாக வெளியே வராது. கணீரென்று பாடும், ஆனால் ஆளைப் பார்ப்பது கஷ்டம். இன்றைக்கு அதற்குச் சோலக்கிளி என்று பெயர். மலையாளப் பெயர் அது. மலையாளத்தில் கிளி என்றால் பச்சைக்கிளி இல்லை, பொதுவாகச் சின்னப் பறவை.

சாலிம் அலி பிற்காலத்தில் அமெரிக்க நண்பர் டில்லன் ரிப்ளியோடு சேர்ந்து 1968 முதல் பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட பறவைக் கையேட்டில், இந்த ரெண்டையும் ஒரே இனத்தின் ரெண்டு வகையாகத்தான் சேர்த்திருக்காங்க. இமயமலைப் பக்கம் இருக்கிற வேறொரு பறவைக் கூட்டத்தின் உறவு என்றும் அப்போது எண்ணியிருந்தார்கள். அந்தக் காலத்து அறிவுக்கு அது நியாயமான முடிவு.

ஆனால் ஒரு கேள்வி சாலிம் அலியை விடவில்லை. தென்னிந்திய மலை உச்சிகளில் இருக்கிற பல பறவைகளுக்கு நெருங்கிய சொந்தம் கிழக்கு இமயமலையில் இருக்கு. நடுவில் சுமார் 2,000 கிலோமீட்டர் வறண்ட சமவெளி. குளிர்ச்சியும் ஈரமும் தேடுகிற பறவை அதை எப்படித் தாண்டியது? மீன்களை ஆராய்ந்த சுந்தர்லால் ஹோரா இதே கேள்வியை மலை ஓடை மீன்களுக்குக் கேட்டார். ஒரு காலத்தில் மத்திய இந்தியாவில் சாத்பூரா மலைத்தொடர் ஈரக்காடாக இருந்திருக்கும், அது ஒரு பாலமாக உதவியிருக்கும் என்பது அவர் கருத்து. 1949-இல் சாலிம் அலி அதே பாலத்தைப் பறவைகளுக்குப் பொருத்திப் பார்த்து ஒரு கட்டுரை எழுதினார். பரிணாமம் என்றால் குரங்கு, மனிதன் படம்தான் நமக்கு ஞாபகம் வரும். இவருக்கு அது ரோடு மேப் மாதிரி. யார், எந்த வழியாக, எப்போது வந்தார்கள், பிறகு வழி எப்போது அடைபட்டது?

இழப்பும் பைக்கும்

1939-இல் ஒரு சின்ன அறுவை சிகிச்சைக்குப் பிறகு தெஹ்மினா இறந்துபோனார். சாலிம் அலி நொறுங்கிப்போனார். மறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்காவின் குடும்பத்தோடு தங்கிவிட்டார். வேலைக்குள் மூழ்கினார்.

1941-இல் இந்தியப் பறவைகள் பற்றிய அவருடைய புத்தகம் வந்தது. படம் பார்த்து யாரும் பறவையை அடையாளம் காணலாம். நேரு சிறையில் இருந்தபோது அதன் ஒரு பிரதியை மகள் இந்திராவுக்கு அனுப்பி வைத்தார். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வேலை இருக்கு. சுதந்திரத்துக்குப் பிறகு கழகம் பணமில்லாமல் மூடப்போகும் நிலை வந்தபோது நேருவுக்குக் கடிதம் எழுதி அதைக் காப்பாற்றியதும் இவர்தான்.

மெக்கானிக்கல் நண்பர்களுக்காக ஒரு செய்தி. இவர் பயங்கரமான பைக் பிரியர். பர்மாவில் என்எஸ்யூவில் ஆரம்பித்து, ஹார்லி டேவிட்சன், டக்ளஸ், ஸ்காட் என்று வரிசையாக வைத்திருந்தார். 1950-இல் ஸ்வீடன் நாட்டு உப்சாலாவில் உலகப் பறவையியல் மாநாடு. 53 வயசுக்காரர் தன் சன்பீம் பைக்கைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய், ஐரோப்பா முழுக்க அதிலேயே சுற்றினார். பிரான்சில் ஒரு சின்ன விபத்து, ஜெர்மனியின் கல் பாவிய ரோடுகளில் சில தடவை சறுக்கல். மாநாட்டுக்கு வந்து இறங்கியதும், இவர் இந்தியாவில் இருந்தே பைக் ஓட்டி வந்துவிட்டார் என்று வதந்தி கிளம்பிவிட்டது. பிஎம்டபிள்யூ பைக் மட்டும் கடைசிவரை வாங்க முடியவில்லை என்பது அவருடைய குறை.

அணையா, காடா?

1970-களில் கேரள மின்வாரியம் பாலக்காடு மாவட்டத்தில் அமைதிப் பள்ளத்தாக்கில் குந்திப்புழா ஆற்றின் குறுக்கே ஒரு அணை கட்டத் திட்டமிட்டது. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே, நீலகிரி மலைகளை ஒட்டிய மழைக்காடு அது. மின்சாரம் தேவைதான். அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் நீரில் மூழ்கப்போகும் காடு மறுபடி உருவாகக்கூடியது இல்லை. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் ஊர் ஊராகப் பேசியது. சுகதகுமாரி போன்ற கவிஞர்கள் எழுதினார்கள். 80 வயசைத் தாண்டியிருந்த சாலிம் அலியும் அந்தப் பள்ளத்தாக்கைப் போய்ப் பார்த்தார். திட்டத்தைக் கைவிட வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டார்.

அப்போது பிரதமர் யார்? சிறையில் இருந்து அப்பா அனுப்பிய பறவைப் புத்தகத்தை வாங்கிய அந்த மகள். ஒரு புத்தகத்தால்தான் அணை நின்றது என்று நான் சொல்ல மாட்டேன். பல வருஷப் போராட்டமும் நிபுணர் குழு ஆய்வும் இருந்தன. ஆனால் பறவைகளை நேசித்த ஒரு பிரதமரிடம் இந்தக் கிழவரின் வார்த்தைக்கு எடை இருந்தது. திட்டம் கைவிடப்பட்டது. 1984-இல் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

நான் சிவில். அணை என்றால் எனக்குப் பிடிக்கும். குந்தா நீர்மின் திட்டத்தின் அணைகளைப் பார்த்து வாய் பிளந்திருக்கேன். ஆனால் ஒரு அணையின் டிசைனில் எத்தனை ஆயிரம் கணக்கு இருக்கோ, அதே அளவு கணக்கு அது மூழ்கடிக்கப்போகும் காட்டுக்கும் போடணும் இல்லையா? அந்தக் கணக்குக்கு டேட்டா வேணும். 1933-இல் மாட்டு வண்டியில் போய் சாலிம் அலி சேர்த்தது அந்த டேட்டாவைத்தான்.

அவர் தவறிய இடம்

அவரை சாமி ஆக்க எனக்கு இஷ்டம் இல்லை. ராஜஸ்தானில் பரத்பூர் நீர்ப்பறவைச் சரணாலயம் இவர் பாதுகாக்கப் பாடுபட்ட இடம். மன்னர்கள் ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் வாத்துகளைச் சுட்ட ஏரி அது. அதைப் பூங்காவாக்கிய பிறகு, உள்ளே எருமைகள் மேய்வதைத் தடுக்க வேண்டும் என்பது அவர் உட்பட வல்லுநர்களின் கருத்தாக இருந்தது. 1982-இல் தடை வந்தது. சுற்றுக் கிராமத்து மக்கள் எதிர்த்தார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின.

அதன் பிறகு நடந்ததுதான் பாடம். எருமை மேய்ச்சல் நின்றதும் புல் கட்டுக்கடங்காமல் வளர்ந்து தண்ணீர்ப் பரப்பை மூடியது. பல நீர்ப்பறவைகள் குறைந்தன. எருமைகள் அந்த ஏரியின் ஒரு பகுதியாகவே ஆகியிருந்தன. இதை நீண்ட கால ஆய்வு செய்து கண்டுபிடித்துச் சொன்னது யார் தெரியுமா? சாலிம் அலி வளர்த்த அதே பாம்பே இயற்கை வரலாற்றுக் கழகம். தங்கள் கருத்தே தவறு என்று தங்கள் டேட்டாவே சொன்னபோது அதை மறைக்காமல் வெளியிட்டார்கள். ஆனால் அந்த டேட்டா வருவதற்கு முன்னாடி போன உயிர்கள் திரும்பவில்லை. காட்டைக் காப்பாற்றுகிற முடிவையும், அணை கட்டுகிற முடிவு போலவே, போய்ப் பார்த்து, அளந்து, அங்கே வாழ்கிறவர்களைக் கேட்டுத்தான் எடுக்கணும்.

அவருக்குப் பின்னால்

பத்ம பூஷண், பத்ம விபூஷண் எல்லாம் வந்தன. பட்டம் இல்லை என்று வேலை மறுக்கப்பட்டவருக்குப் பல்கலைக்கழகங்கள் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தன. கெட்டி விருதுப் பணத்தை அவர் இயற்கைப் பாதுகாப்புக்கே கொடுத்துவிட்டார். 1985-இல் மாநிலங்களவை உறுப்பினராக நியமிக்கப்பட்டார். 1987-இல், 90 வயதில் இறந்தார். 1990-இல் அவர் பெயரில் ஒரு பறவையியல் மையம் கோயம்புத்தூரில் ஆரம்பிக்கப்பட்டது. ஆனைகட்டி மலையடிவாரத்தில் இருக்கு.

எனக்குப் பிடிச்ச மரியாதை வேறொன்று. 1948-இல் நம்ம தேனி மாவட்டத்து மேகமலையில் ஆங்கஸ் ஹட்டன் என்ற இயற்கை ஆர்வலர் ஒரு பழந்தின்னி வௌவாலைப் பிடித்தார். சாதாரண இனம் என்று தவறாக எழுதி, கழகத்தின் அலமாரியில் வைத்துவிட்டார்கள். 20 வருஷத்துக்கு மேல் அது அங்கேயே கிடந்தது. தாய்லாந்து விஞ்ஞானி கிட்டி தோங்லோங்யா அதை மறுபடி எடுத்துப் பார்த்தபோதுதான் உலகில் வேறெங்கும் பதிவாகாத ஒரு புது இனம் என்று தெரிந்தது. 1972-இல் அதற்கு சாலிம் அலியின் பெயரை வைத்தார். மேகமலையும் ஒரு வானத்தீவுதான். ஒரு தப்பான சீட்டால் ஒரு இனமே இல்லாத மாதிரி கிடந்திருக்கு பாருங்க.

சோலக்கிளிக்கு வருவோம். இந்த நூற்றாண்டில் வி.வி. ராபின் தலைமையில் ஆய்வாளர்கள் அதே மலைகளுக்குப் போனார்கள். இந்த முறை துப்பாக்கி இல்லை. மெல்லிய வலையில் பறவையைப் பிடித்து, ஒரு துளி ரத்தம் எடுத்து, காலில் வளையம் மாட்டி விட்டுவிடுவார்கள். 2015-இல் வெளியான ஆய்வில் 23 மலைப் பறவை இனங்களைச் சோதித்தார்கள். அதில் 10 இனங்களில் மிகப் பழைய பிளவு பாலக்காட்டுக் கணவாயின் ரெண்டு பக்கமும் இருந்தது. அதாவது அந்த ஓட்டை, காற்று வருகிற வழி மட்டும் இல்லை. பல லட்சம் வருஷமாகச் சொந்தங்களைப் பிரித்து, ரெண்டு பக்கமும் வேறு வேறு இனமாக மாற்றிய கோடு அது. குறுகலான கணவாய்கள் அதற்குப் பிறகு, சில இனங்களை மட்டும் பிரித்தன.

2017-இல் இன்னும் பெரிய செய்தி. சோலக்கிளி யாருடைய உறவு என்று எண்ணியிருந்தார்களோ, அது தவறு. அது தனிப் பேரினம். இந்த மலைகளிலேயே பிறந்து, இங்கேயே கிளை விட்டது. அதற்குச் சோலிகோலா என்று பெயர் வைத்தார்கள், சோலையில் வாழ்வது என்று அர்த்தம். நீலகிரிச் சோலக்கிளி, வெள்ளை வயிற்றுச் சோலக்கிளி, செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே புதிதாக அடையாளம் கண்ட அசம்பு சோலக்கிளி. சாலிம் அலியின் கையேட்டில் ஒரே இனமாக இருந்தது இப்போது மூன்று. ஒன்று மூன்றானால் நல்லதுதானே என்று நினைக்காதீங்க. இருக்கிற கொஞ்சப் பறவைகள் மூன்றாகப் பங்கு போடப்படுது. ஒவ்வொன்றுக்கும் இருக்கிற இடம் இன்னும் சின்னது, ஒன்று அழிந்தால் இன்னொன்று அதன் இடத்தை நிரப்பாது. நீலகிரிச் சோலக்கிளி இன்றைக்கு அழியும் ஆபத்தில் உள்ள பறவைகளின் பட்டியலில் இருக்கு.

கணவாய் பிரித்தது லட்சக்கணக்கான வருஷத்தில். நாம் பிரித்தது 200 வருஷத்துக்குள். தேயிலை, யூகலிப்டஸ், சீகை மரம், பைன், அணை நீர்த்தேக்கம், சாலை. ஒரே மலையிலேயே ஒரு சோலையில் இருக்கிற சோலக்கிளி அடுத்த சோலைக்குப் போக முடியாமல் ஆகுது. அந்தப் பிரிவின் தடம் இப்போதே அவற்றின் மரபணுவில் தெரியுது என்கிறது ஆய்வு. வெளிச்சமான இடத்தைத் தாண்டத் தயங்குகிற பறவை அது. இத்தனைக்கும் சோலை மரம் மெதுவாகத்தான் வளரும், வெட்டினால் எளிதில் திரும்பாது.

செகண்ட் இயரில் கொடைக்கானல் டூர் போனோம். பைன் காட்டில் செல்ஃபி எடுத்து, இயற்கையின் மடியில் என்று ஸ்டேட்டஸ் போட்டேன். அது வெளிநாட்டு மரம், மனிதன் நட்ட தோட்டம் என்று அப்போ தெரியாது. அந்த மலையில்தான் மிச்சம் இருக்கிற சோலைகளில் வெள்ளை வயிற்றுச் சோலக்கிளி தரையில் தத்திக்கிட்டு இருந்திருக்கும். நாங்க பக்கத்தில் கூடப் போகலை.

இப்போ புரியுதா, அந்த அஞ்சு பறவைப் பட்டியல் ஏன் உறுத்துதுன்னு? என் அட்டவணைப்படி அந்த மலையில் ஆபத்தில் இருக்கிற பறவை எதுவும் இல்லை. எழுதலைன்னா இல்லை. அந்தப் பேப்பரை நம்பித்தான் மேலே இருக்கிறவர் கையெழுத்துப் போடுவார்.

போன வாரம் அந்த ஆபீஸில் எனக்கு வழிகாட்டிய சாருக்கு மெயில் அனுப்பினேன். அந்தப் பக்கம் நான் காப்பி பண்ணினது, அந்த மலைக்கு உரியது இல்லை, தயவுசெய்து நேரில் பார்க்கத் தெரிந்தவரை வைத்து எடுங்க என்று எழுதினேன். அனுப்புறதுக்கு முன்னாடி ரொம்ப நேரம் கை நடுங்குச்சு. இன்னும் பதில் வரலை. வந்தாலும் வராட்டியும், செமஸ்டர் லீவில் அந்த மலைக்கு ஒரு தடவை போறதாக இருக்கேன். எனக்குப் பறவை பார்க்கத் தெரியாது. பத்து வயசில் சாலிம் அலிக்கும் தெரியாது, கையில் இருந்த குருவியின் கழுத்து ஏன் மஞ்சளாக இருக்கு என்று ஒருத்தரிடம் போய்க் கேட்டார். கூட வர யாருக்காவது இஷ்டம் இருந்தா, சிவில் பிளாக் படிக்கட்டுப் பக்கம் வாங்க.